முன்கூட்டித் தெரியாத மரணம்

ஆய்வு முறை வகுப்பின் முதல் நாளில் நான் எப்போதும் குடையைப் பற்றித்தான் பேசுவேன். குடை எடுத்துப்போகும் நாட்களில்தான் மக்கள் அதிகம் நனைகிறார்கள், எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் வரும், அதனால் குடைதான் நனைக்கிறது என்று சொல்லலாமா என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கணக்கியலில் மேற்படிப்புக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். எண் என்றால் கூட்டிக் கழித்துச் சரிபார்க்க வேண்டியது என்றுதான் அதுவரை பழகியிருப்பார்கள். எல்லா எண்ணும் சரியாக இருந்தும் முடிவு தவறாகப் போகலாம் என்பது அவர்களுக்குப் புதிது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

இந்த விசாரணைக் குழுவுக்கு நீங்கள் வேறு துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் எளிமையாகவே சொல்கிறேன். நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி: குருவியின் ஆய்வில் அந்த ஆடிட்டரின் மரணத்தைச் சேர்த்தது சரியா, தவறா. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

குருவி என் மாணவி. துறையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்ன உருவம், எந்நேரமும் எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து சேர்ப்பவள். அவள் எடுத்துக்கொண்டது நல்ல கேள்வி. ஒரு கம்பெனியின் கணக்கு ஒழுங்காக இருந்தால், அதற்குக் காரணம் அதைத் தணிக்கை செய்யும் மனிதரா, இல்லை அந்தக் கம்பெனியே ஒழுங்கானதா? கேட்பது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். கறாரான ஆடிட்டரைத் திருட்டுக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, மாற்றிவிடும். ஆடிட்டர் மாறியபின் கணக்கு கெட்டுப்போயிருந்தால், அவர் போனதால் கெட்டதா, கெடுப்பதற்காகவே அவரை அனுப்பினார்களா என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஓர் இடத்தில்தான் அந்த முடிச்சு அவிழும். ஆடிட்டர் திடீரென்று இறந்துபோனால் அவரை யாரும் மாற்றவில்லை. யாருடைய விருப்பமும் அதில் இல்லை. அவர் இருந்தபோது வந்த கணக்கையும் அவர் போனபின் வந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு மனிதர் இல்லாமல் போனது மட்டும்தான். ஆனால் மரணம் திடீரென்று வந்ததாக இருக்க வேண்டும். படுக்கையில் கிடந்து போனவர்களைச் சேர்க்க முடியாது. நோய் வெளியே தெரிந்துவிட்டால் கம்பெனிகள் தயாராகிவிடும். அவரே வேலையை வேறொருவர் கையில் கொடுக்கத் தொடங்கிவிடுவார். முன்கூட்டித் தெரியாத மரணம்தான் செல்லும். இந்த விதியைக் குருவிக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அவள் சேர்த்திருந்த மரணங்கள் பெரும்பாலும் பெரிய அலுவலகங்களில் நடந்தவை. அங்கே ஒருவர் போனால் அடுத்த நாற்காலிக்காரர் அதே பைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். தனி ஆளாக அலுவலகம் நடத்தியவர்கள் மிகச் சிலர்தான் கிடைத்திருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேரை, நோய் முன்பே தெரிந்திருந்தது என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நீக்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வா என்று ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார். குருவியின் உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. ஊரில் அவள் அம்மா தையல் மெஷினில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அன்று குருவி என் அறையில் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், காலையில எழுந்ததும் இரங்கல் செய்தியைத்தான் தேடறேன். யாராவது செத்திருக்கணுமேன்னு பேப்பரைப் பிரிக்கிறேன். இது பாவம் இல்லையா?"

"நாம யாரையும் சாகடிக்கலையேம்மா," என்றேன். "நடந்து முடிஞ்சதை எண்ணிப் பார்க்கிறோம். அவ்வளவுதான்."

அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஆடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மகள் ஒருகாலத்தில் என் மாணவி. அந்தப் பழக்கத்தில் அவர் வருடத்துக்கு ஒருநாள் என் வகுப்புக்கு வந்து பேசுவார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் அவருடைய அலுவலகம். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அலுவலகத்தில் அவரைத் தவிர பெருக்கித் துடைக்க வரும் அம்மா மட்டும்தான். ஆனாலும் பல கம்பெனிகளின் கணக்குக்கு அவர்தான் கையெழுத்து. தயவு தாட்சண்யம் பார்க்காத கையெழுத்து.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கம்பெனியின் கணக்கில் கோளாறு இருந்து, தன் அறிக்கையில் அதை எழுதியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், அறிக்கையை அனுப்புவதற்கு முன் அந்தக் கம்பெனிக்கு நேரில் போவார். முதலாளியைப் பார்க்கமாட்டார். கணக்கு எழுதும் ஊழியரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இன்ன மாதிரி எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டிருக்கிறேன்.

"கெட்ட சேதியை யாரும் முதமுதல்ல காகிதத்துல படிக்கக் கூடாது டீச்சர். ஒரு மனுஷன் வாயால கேட்டா, மூச்சு விட்டுக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் பாருங்க."

என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பேராசிரியர் என்று சொன்னால் வாய் வலிக்கிறது என்பார்.

அந்த வருடம் வகுப்புக்கு வந்தபோது, ஒரு மாணவன் குருவியின் ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னான். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் பொட்டுன்னு போனா உங்களுக்கு நல்ல டேட்டா. இழுத்துக்கிட்டுக் கிடந்தா வேஸ்ட்டு. அப்படித்தானே?" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீங்க நூறு வருஷம் இருக்கணும் சார். ஆனா போறதா இருந்தா சொல்லிட்டுப் போகாதீங்க."

வகுப்பே அதிர்ந்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பயலுக்கு மார்க்கைக் கொஞ்சம் கூடப் போடுங்க டீச்சர்," என்றார். குருவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கிளம்பியதும் பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சில வாரங்கள் கழித்து, வகுப்பில் காட்டுவதற்காகப் பழைய அறிக்கைகள் சிலவற்றை வாங்கிவர அவர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் அவரும் வந்து சேர்ந்தார். சேர்ந்து மாடி ஏறினோம். படி திரும்பும் இடத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கை. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல டீச்சர். இந்தப் படி இப்பல்லாம் என்கிட்ட வம்பு பண்ணுது."

பெருக்கும் அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஐயா, கீழே போய் ஒரு வண்டி பிடிக்கட்டுமா? ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு," என்றாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் நகராமல் நின்றாள். நான் அவளிடம், "நான் பார்த்துக்கறேன்மா, நீங்க வேலையைப் பாருங்க," என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். போய்விட்டாள். அதைச் சொன்னபோது என் மனதில் எதுவும் இல்லை. அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்றுதான் சொன்னேன். இதை நீங்கள் நம்பலாம்.

மூச்சு சீரானதும் அவர் சொன்னார்: "பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நிறைமாசம். கேட்டா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவா. சீசன் முடியட்டும், நானே போய்க் காட்டிக்கறேன்."

சீசன் என்பது ஆண்டுக் கணக்குகளுக்குக் கையெழுத்துப் போடும் மாதங்கள். ஆடிட்டர்களுக்கு அப்போது சாப்பிட நேரம் இருக்காது. நான் சரி என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள் நான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வருவதை யாராலும் தடுக்க முடியாது. அவருடைய வலியை அறிந்தவர்கள் அவரும் நானும் பெருக்கும் அம்மாவும் மட்டும்தான். பெருக்கும் அம்மாவிடம் எந்தத் தேர்வாளரும் போய்க் கேட்கப்போவதில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும் இடம் வருவதற்குள் நினைப்பு இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. தனி ஆள் அலுவலகம். பல கம்பெனிகள். ஒருவேளை சீசனுக்கு நடுவில் ஏதாவது நடந்தால், பாதிக் கம்பெனிகளுக்கு அவர் கையெழுத்து இருக்கும், மீதிப் பாதிக்கு முன்பின் அறியாத ஒருவரின் கையெழுத்து. அதே ஊர், அதே வருடம், அதே சந்தை. ஒப்பீடு என்று எடுத்துக்கொண்டால் அதைவிடச் சுத்தமானதை நான் பார்த்ததில்லை. இதை ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அன்றிலிருந்து தினமும் அவருக்காகப் பிரார்த்தித்தேன். அவர் படுக்கையில் விழுந்து கஷ்டப்படக் கூடாது, யாருக்கும் பாரமாகக் கூடாது, வேளை வந்தால் நோகாமல் சட்டென்று போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நல்லவர்களுக்காக எல்லோரும் கேட்பதுதான். அவர் குணமாக வேண்டும் என்று கேட்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் அதைக் கவனிக்கிறேன்.

அவர் மகள் ஒருநாள் போன் செய்தாள்.

"மேடம், அப்பா பேசறப்ப மூச்சு வாங்குது. கேட்டா மாடி ஏறி வந்தேங்கறார். எப்பக் கூப்பிட்டாலும் மாடியா ஏறிக்கிட்டிருப்பார்? நீங்க அவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. நல்லாதான் இருக்கார். சீசன் இல்லையா, அலைச்சல்."

"ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போயிடட்டுமா?"

"இந்த வயித்தை வெச்சுக்கிட்டு பஸ்ல வரப்போறியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நான் இருக்கேன்ல. பார்த்துக்க மாட்டேனா?"

அவள் போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க பக்கத்துல இருக்கறதாலதான் மேடம் நான் நிம்மதியா தூங்கறேன்," என்றாள். பிள்ளைத்தாய்ச்சியை அலையவிடாமல் தடுத்தது ஓர் உதவிதானே. அடுத்தவருக்குச் செய்யும் சின்னச் சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

அதற்கு அடுத்த வாரம் ஆடிட்டர் என்னை வரச் சொன்னார். பெருக்கும் அம்மா வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க பைல்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"டீச்சர், சீசன் முடியற வரைக்கும் தாங்காது போலிருக்கு. நாளைக்கு டாக்டரைப் பார்த்துடறேன். பைலையெல்லாம் நம்ம நண்பர் ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுடலாம்னு இருக்கேன். கம்பெனிக்காரங்ககிட்டயும் நானே போய்ச் சொல்லிடணும்." கொஞ்சம் தயங்கினார். "சிரிக்காதீங்க, டாக்டர்கிட்ட தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு காலை நேரம். பக்கத்துத் தெரு.

நான் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "எங்க அப்பாவுக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான் சார் இருந்தது," என்றேன். "நெஞ்சை அடைக்கும், தோள் வரைக்கும் இழுக்கும், வேர்த்துக் கொட்டும். வாய்வுன்னு மாத்திரை போட்டுக்கிட்டார்."

அவர் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வாய்வா? அட, இதுக்கா நான் உயில் எழுதற அளவுக்குப் போனேன்," என்று சிரித்தார்.

"சீசன் முடியட்டும் சார். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்க டீச்சர். பாதி வலி போயிடுச்சு."

என் பையில் இருந்த வாய்வு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரும் நானே ஊற்றிக் கொடுத்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. வாய்வு மாத்திரைதான் போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கு என்ன ஆனது என்று ஆடிட்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலையே இறந்துபோனார் என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆடிட்டர் அதற்குப்பின் சில நாட்கள் இருந்தார். ஒரு காலையில் பெருக்கும் அம்மா கதவைத் திறந்தபோது மேசைமேல் தலை சாய்ந்திருந்ததாம். முந்தின மாலையே போயிருக்க வேண்டும். சீசன் பாதிதான் முடிந்திருந்தது.

அன்று அவர் வீட்டில் நான் அழுதது நிஜமான அழுகை. அவர் கணக்குப் பார்த்த கம்பெனிகளிலிருந்து முதலாளிகள் அதிகம் வரவில்லை. ஊழியர்கள்தான் வந்து சுவரோரமாக நின்றார்கள். வயதான கணக்காளர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களைக் கிழி கிழின்னு கிழிச்சு எழுதினவருதான். ஆனா அதுக்கு முந்தின நாளு வந்து என் பக்கத்துல உட்கார்ந்து, சாப்பிட்டியாய்யான்னு கேட்டாரு. எனக்கு வேலை போயிடாம முதலாளிகிட்ட பேசினதும் அவருதான்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா மேடம்? வலிக்குதுன்னு ஏதாவது?"

"இல்லைம்மா. யாருக்குமே தெரியாது. திடீர்னுதான்."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் மட்டும் மனதில் ஓடியது: திடீர். மறுநாள் செய்தித்தாளிலும் அதே சொல்தான் வந்தது. தேர்வாளருக்கு அது போதும்.

குருவி முதலில் மறுத்தாள். "அந்த சாரை எப்படி மேடம் ஒரு வரியாப் போடறது?" என்றாள். அவர் இருந்திருந்தால் அவரே போடச் சொல்லியிருப்பார் என்று நான்தான் தேற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டிருந்த கம்பெனிகளின் கணக்கு சுத்தமாக இருந்தது. மீதிக் கம்பெனிகளுக்குப் புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் லாபம் கொஞ்சம் கொஞ்சமாக ஊதியிருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஒரு மனிதர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணிலேயே தெரிந்தது. தேர்வாளர் பாராட்டினார். குருவிக்குப் பட்டம் கிடைத்தது.

இது எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். குருவி அந்த மகளின் குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள். துணிமணி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அவள் சுபாவம் அது. அங்கே பெருக்கும் அம்மாவும் வந்திருந்தாளாம். படியில் உட்கார்ந்ததையும், டாக்டரிடம் கூட வரச் சொல்லி அவர் என்னைக் கேட்டதையும் அந்த அம்மா சொல்லி அழுதிருக்கிறாள். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து நேராகக் குருவி உங்களிடம் வந்து, என் ஆய்வை விசாரியுங்கள் என்று சொன்னாள். தன் பட்டத்தைத் தானே பறிகொடுக்கத் துணிந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆய்வு முறையை அவளுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அவரைச் சேர்த்தது தவறு. அவருடைய மரணம் முன்கூட்டித் தெரிந்த மரணம். தெரிந்திருந்தது எனக்கு. மகள் வருவதைத் தடுத்தேன், பெருக்கும் அம்மாவைப் போகச் சொன்னேன், டாக்டரிடம் கிளம்பியவரை மாத்திரை கொடுத்து உட்காரவைத்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மறைக்க எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், குருவிக்காக. அந்த வருடம் அவள் சும்மா இருக்கவில்லை. வேறு ஊர்களின் பழைய பதிவுகளைத் துழாவி, தனி ஆளாக அலுவலகம் நடத்தித் திடீரென்று இறந்துபோன சிலரைத் தேடிப் பிடித்திருந்தாள். ஆடிட்டர் என்னைக் கூப்பிட்ட அதே வாரத்தில் என் அறை வாசலில் நின்று, "மேடம், கிடைச்சிருக்காங்க," என்று சொன்னாள். நான் வேறு யோசனையில் இருந்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதம் வந்தபின் ஆடிட்டரையும் அவருடைய கம்பெனிகளையும் நீக்கிவிட்டு, அவள் தேடிப் பிடித்தவர்களை வைத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தேன். முடிவு மாறவில்லை. அவர் இல்லாமலே அந்த ஆய்வு நின்றிருக்கும். திரையில் அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதிதான்.